நீல இன்ஹேலர் மட்டும் போதுமா, ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகணுமா?

தாம்பரம்வாசி:
வயசு 34. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. வாரத்தில் மூணு நாலு ராத்திரி விசில் சத்தத்தோட இழுப்பு. குடும்ப டாக்டர் நீல நிற சால்புட்டமால் இன்ஹேலரும் செட்ரிசின் அலர்ஜி மாத்திரையும் எழுதியிருக்கார். அடிச்சா கொஞ்ச நேரத்தில் அடங்குது, மறுநாள் பழையபடிதான். அவரிடமே சரிபண்ண முடியுமா?

பீக்ஃப்ளோ:
முடியும், ஆனா வெறுங்கையோட போகாதீங்க. நீலம் இறுகின மூச்சுக்குழலைத் தளர்த்தும். உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுது, ராத்திரி எழுப்புதுன்னா ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. பெரியவங்களுக்கு சால்புட்டமாலை மட்டும் தனியா கொடுக்க வேண்டாம்னு 2019-லேயே ஜினாங்கிற உலக ஆஸ்துமா அமைப்போட வழிகாட்டி சொல்லிடுச்சு. புடசோனைடும் (வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு) ஃபார்மோடெராலும் (மூச்சுக்குழலைத் தளர்த்துறது) சேர்ந்த இன்ஹேலருக்கு மாத்தலாமான்னு கேளுங்க.

போகிறதுக்கு முன்னாடி ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமா ஊதுறீங்கன்னு அளக்கிற சின்னக் கருவி) வாங்கி, இரண்டு வாரம் காலையும் சாயங்காலமும் ஊதுங்க. நின்னுக்கிட்டு மூணு ஊது, அதில் பெரிய எண்ணை மட்டும் எழுதணும். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் சராசரியா 10 சதவீதத்தைத் தாண்டினா, அது ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. அந்த ஒரு தாள் டாக்டருக்கு அரைமணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும். ஸ்பைரோமெட்ரிங்கிற நுரையீரல் பரிசோதனைக்கும் சீட்டு கேளுங்க.

மருந்துக்கடைக்காரர்:
மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர் கண்ணெதிரே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. பாதிக் குறை அங்கேதான். குலுக்காம அடிக்கிறது, 'சர்'னு வேகமா இழுக்கிறது, இரண்டு பஃப்பைச் சேர்த்து அழுத்துறது: மூணிலேயும் மருந்து நுரையீரலுக்குச் சரியாப் போய்ச் சேராது. இன்ஹேலர் முன்னாடி மாட்டுற பிளாஸ்டிக் குழாய், ஸ்பேசர்னு சொல்வாங்க, அதை வாங்குங்க. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு பஃப் அழுத்தி, மெதுவா ஆழமா இழுத்து, 10 விநாடி அடக்கணும். அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்கணும். ஸ்டீராய்டுன்னா முடிஞ்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க, இல்லேன்னா நாக்கில் வெள்ளை படியும். ஸ்பேசரை சோப்புத் தண்ணியில் கழுவி அப்படியே காயவிடுங்க. துணியால் துடைச்சா மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும்.

தாம்பரம்வாசி:
ஸ்டீராய்டுன்னா வீட்டில் பயப்படுறாங்க. மூக்குக்கு என்ன செய்றது?

பீக்ஃப்ளோ:
ஒரு பஃப்பில் இருப்பது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரைன்னா 5000 மைக்ரோகிராம், அதுவும் உடம்பு முழுக்கப் போகும். பயப்பட வேண்டியது அடிக்கடி மாத்திரையும் ஊசியும் தேவைப்படுற நிலைக்குத்தான்.

மூக்கை விட்டுட்டு நெஞ்சை மட்டும் பார்த்தா இழுப்பு அடங்காது. செட்ரிசின் தும்மலுக்கு உதவும், அடைப்புக்கு அவ்வளவா இல்லை. மூக்கில் அடிக்கிற ஃப்ளூட்டிகசோன் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கேளுங்க. தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, இடது மூக்குக்கு வலது கையால், நடுச்சுவரைப் பார்க்காம காது பக்கமா அடிக்கணும். உறிஞ்சினா தொண்டைக்குப் போயிடும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். மூணாம் நாளே 'கேட்கலை'ன்னு நிறுத்துறவங்கதான் அதிகம்.

மருந்துக்கடைக்காரர்:
தலையணை உறை, போர்வையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவைங்க, தூசிப் பூச்சி சாகும். கொசுவத்தி, சாம்பிராணி படுக்கையறையில் வேண்டாம். தலைவலிக்கு டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போட்டு இழுப்பு வந்திருந்தா டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க.

அவசரத்துக்கு என்ன பண்ணணும்னும் அவர் கையால் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்க. ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியலை, உதடு நீலமாகுதுன்னா ஸ்பேசரில் நீலத்தை ஒவ்வொரு பஃப்பா நாலு கொடுத்துக்கிட்டே 108-ஐக் கூப்பிடுங்க.