மேல் 16 பிட் யாருடையது?

பெரம்பூர் லோகோ:
நேற்று இங்கே சிறுசேரி ஷிஃப்ட் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "64 பிட் பாயிண்டரில், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் எண்ணில், முகவரிக்கு 48 பிட் போதும். மேல் 16 பிட் சும்மா கிடக்கிறது, இது எண்ணா, எழுத்தா என்று சொல்லும் டைப் டேகை அங்கே போட்டால் மெமரி பாதி மிச்சம்" என்று புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அந்த 16 பிட் சும்மா கிடக்கவில்லை. இன்டெல், ஏஎம்டி சிப்களான எக்ஸ்86-இல் 47ஆம் பிட்டில் என்ன இருக்கிறதோ அதுவேதான் அதற்கு மேலே எல்லா பிட்டிலும் இருக்க வேண்டும். வேறு எதையாவது எழுதிவிட்டு அப்படியே படிக்கப் போனால் புரோகிராம் அங்கேயே விழும்.

சிறுசேரி ஷிஃப்ட்:
சார், டேகை எடுத்துவிட்டுத்தானே படிக்கிறோம்? மேல் பிட்களைப் பூஜ்யமாக்கும் ஒரு மாஸ்க், முடிந்தது. கணக்கைப் பாருங்கள். 8 பைட் பாயிண்டர், பக்கத்தில் 1 பைட் டேக். கம்பைலர் 7 பைட் வெற்றிடம் (பேடிங்) சேர்த்து 16 ஆக்கிவிடும். டேக் பாயிண்டருக்குள் போனால் 8 பைட்தான். ஒரு கோடி வேல்யூவுக்கு 80 எம்பி மிச்சம். ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின் ஸ்பைடர்மங்கி, லுவா மொழியை ஓட்டும் லுவாஜிட் எல்லாம் டபுள் என்ற தசம எண் வகையின் NaN ('எண் அல்ல') வடிவத்துக்குள் பாயிண்டரை ஒளித்துவைப்பது இந்த மேல் பிட்களை நம்பித்தான். அவர்களுக்கெல்லாம் தெரியாதா?

பெரம்பூர் லோகோ:
மிச்சமாகும் என்பதை நான் எங்கே மறுத்தேன்? மேல் 16 பிட் உங்களுடையது இல்லை என்கிறேன். லுவாஜிட் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. எக்ஸ்86 லினக்ஸில் யூசர் புரோகிராமுக்கு 47 பிட் வரைதான் முகவரி. ஆர்ம் சிப்களில் ஓடும் ஆர்ம்64 லினக்ஸில் முழு 48 வரை வரும். 47 என்று நம்பியிருந்த லுவாஜிட், ஆர்ம்64-இல் லைட் யூசர்டேட்டாவாக (சி நிரல் தரும் வெறும் முகவரி) வந்த பெரிய முகவரியை ஏற்க முடியாமல் பிழை காட்டியது. நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலும் ஆர்ம் சர்வருக்கு மாறியபோது இதே ஒரு பிட்தான் எங்களைத் தூங்கவிடாமல் அடித்தது. எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். அனுபவித்தது நாங்கள்.

வேளச்சேரி வாசி:
ஏன் இரண்டு பேரும் மேலேயே நிற்கிறீர்கள்? 64 பிட்டில் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் மெமரி ஒதுக்கும் மேலாக் 16 பைட் எல்லையில்தான் இடம் தரும். கீழே 4 பிட் எப்போதும் பூஜ்யம். ஓகாமல் மொழி கடைசி பிட்டை 1 ஆக்கி முழு எண் என்று அடையாளம் வைக்கிறது, அதனால்தான் அதன் இன்ட் 63 பிட். ரூபியின் சிறிய எண்களும் அப்படியே. கீழ் பிட்டில் போட்டால் இந்தச் சண்டையே இல்லை.

பெரம்பூர் லோகோ:
கீழ் பிட்டுக்குத் தனி இழை போடுங்கள் தம்பி. இங்கே கேள்வி மேல் 16 பிட்.

தாம்பரம் லோக்கல்:
80 எம்பிக்கா இவ்வளவு பேச்சு? ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ரேம் வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

சிறுசேரி ஷிஃப்ட்:
ரேம் வாங்கலாம் அண்ணா, சிப்புக்குள் இருக்கும் கேஷ் மெமரியை வாங்க முடியுமா? 64 பைட் கேஷ் லைனில் 16 பைட் வேல்யூ 4 நிற்கும், 8 பைட் வேல்யூ 8 நிற்கும். வேகமே அங்கேதான் இருக்கிறது. ரேம் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாது.

பெரம்பூர் லோகோ:
பழைய கதை தெரியாமல் பேசுகிறீர்கள். பழைய மேகிண்டாஷின் மோட்டோரோலா 68000 சிப்பில் ரிஜிஸ்டர் 32 பிட், வெளியே போகும் முகவரி 24 பிட். மேல் 8 பிட் சும்மா இருக்கிறது என்று மேக்கின் மெமரி மேனேஜர் அங்கே பூட்டு, பர்ஜ் (தேவைப்பட்டால் அழிக்கலாம்) குறிகளை வைத்தது. 1987-இல் மேகிண்டாஷ் II 68020-உடன் வந்தபோது அந்த 8 பிட்டும் உயிர் பெற்றது. ஆனால் அதன் மாற்ற முடியாத ரோமிலேயே (ROM) பழைய பழக்கம் ஒட்டியிருந்தது. 24 பிட் முறையில் 8 எம்பி ரேமுக்கு மேல் போக முடியாது. 32 பிட் முகவரி சிஸ்டம் 7-இல் வந்தது 1991-இல். புறம்போக்கில் வீடு கட்டிவிட்டு, ஏரி திரும்பி வந்ததும் அரசாங்கத்தைத் திட்டுவது மாதிரி இது. வேளச்சேரியைக் கேளுங்கள், 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கும்.

வேளச்சேரி வாசி:
வேளச்சேரியை ஏன் இழுக்கிறீர்கள்? நாங்கள் பட்டா நிலத்தில்தான் வீடு கட்டினோம். இடுப்பளவு தண்ணீரில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் நான். வியாசர்பாடி சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்பதில்லையா? ரஸ்ட் இழையிலும் இப்படித்தான் நடுவில் ஊரைப் பற்றிப் பேசினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பெரம்பூர் லோகோ:
பாயிண்டரைப் பற்றிப் பேசுங்கள்.

வேளச்சேரி வாசி:
ஊரை இழுத்தது நீங்கள்!

சிறுசேரி ஷிஃப்ட்:
1987 போதும் சார், இன்றைக்கு வாருங்கள். 57 பிட் முகவரிக்கான ஐந்தடுக்குப் பேஜிங் (முகவரியை ரேமோடு பொருத்தும் அட்டவணை முறை) 2017-இல் லினக்ஸ் 4.14-இல் வந்துவிட்டது. அப்படியும் நாமாகக் கேட்டால் ஒழிய 47 பிட்டுக்கு மேல் லினக்ஸின் மையமான கர்னல் தருவதில்லை. ஆர்மில் மேல் பைட்டைக் கண்டுகொள்ளாத டாப் பைட் இக்னோர் இருக்கிறது. அதே மாதிரி வேலைக்கான இன்டெலின் லீனியர் அட்ரஸ் மாஸ்கிங் 2023-இல் லினக்ஸ் 6.4-இல் சேர்ந்தது. வன்பொருள்காரர்களே மேல் பிட்டை எடுத்துக்கொள் என்கிறார்கள், நீங்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?

பெரம்பூர் லோகோ:
கர்னல் ஏன் தருவதில்லை என்று ஆவணத்திலேயே இருக்கிறது. நிரல் ஓடும்போதே மொழிபெயர்க்கும் சில ஜிட் கம்பைலர்கள் மேல் பிட்டில் தங்கள் தகவலை வைத்திருக்கின்றன, அவை உடையக்கூடாது என்று. உங்களுக்காக ஒதுங்கிப் போகிறார்கள், அதைப் போய் உரிமை என்கிறீர்கள். ஆர்ம் தருவது 8 பிட். இன்டெலில் லினக்ஸ் தருவது 6 பிட், அதையும் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் எழுதியது 16. அந்த 8-இலும் 2020-இல் ஆண்ட்ராய்டு 11 தானே டேக் போட ஆரம்பித்தது. அதை மாற்றிவிட்டு மெமரியைத் திருப்பித் தர (ஃப்ரீ பண்ண) போன ஆப்கள் அங்கேயே நின்றன. 16 எங்கே சார்?

சிறுசேரி ஷிஃப்ட்:
என் இன்டர்பிரட்டர் எக்ஸ்86-இல் மட்டும் ஓடுகிறது. எல்லா இடத்தையும் என் அலோகேட்டர்தான் தருகிறது. 47-க்கு மேல் நான் கேட்கவே இல்லை. எனக்கு 16 இருக்கிறது.

பெரம்பூர் லோகோ:
"எனக்கு" என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும். "எல்லோருக்கும்" என்றுதான் பிள்ளைகள் படித்தார்கள். அந்தப் பதிவைத் திருத்துங்கள்.

சிறுசேரி ஷிஃப்ட்:
திருத்த மாட்டேன். நீங்கள் சொன்னதற்காக நிச்சயம் மாட்டேன்.

தாம்பரம் லோக்கல்:
கேஷ் கணக்கு சரி, ஆனால் மாஸ்க் பண்ணுகிற செலவை யார் கணக்கில் எழுதுவது?

பெரம்பூர் லோகோ:
அது அப்புறம். முதலில் 16-க்குப் பதில் வரட்டும்.

வேளச்சேரி வாசி:
எனக்கும் பதில் வரவில்லை. வேளச்சேரி பற்றி எழுதிய வரியை எடுங்கள்.