புதுப்பிப்பு: மணி ஏற்காடு போய் வந்தாயிற்று

எங்கள் நாய் மணிக்குக் காரில் ஏறினாலே வாந்தி, ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டோம். கிளம்பும் முன் சாப்பாடு வைக்காதே என்றீர்கள், நானும் வைக்கவில்லை, ஆனால் அம்மா "பாவம், வாயில்லா ஜீவன்" என்று எனக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் தயிர்சாதம் வைத்துவிட்டார். சேலத்திலிருந்து ஏற 20 கொண்டை ஊசி வளைவு. ஏழாவதிலேயே எச்சில் ஒழுக ஆரம்பித்தது, ஒன்பதாவதில் மொத்தமும் அப்பாவின் வெள்ளை வேட்டியில். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். ஏரிக்கரையில் இறக்கிவிட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி, பஜ்ஜிக் கடையை விட்டு நகரமாட்டேன் என்றான் மணி. இறங்கும்போது வெறும் வயிறு, பாதி திறந்த ஜன்னல், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தம், அவ்வளவுதான், ஒரு தொந்தரவும் இல்லை. வேட்டி இன்னும் வாளியில் ஊறுகிறது.