புதுப்பிப்பு: சுவாமிமலைப் பட்டறைப் படங்களில் விழுந்த கருப்பு வரிகள் போய்விட்டன

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (சிறிய சென்சார் வகை) கேமராவில் சைலன்ட் ஷட்டர் (சென்சாரை வரிசை வரிசையாகப் படிக்கும், சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) போட்டு, சிலை செய்யும் ஸ்தபதியின் பட்டறை எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் படத்தின் குறுக்கே வரிவரியாக விழுந்தது.

ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) மாற்றிப் பார்த்ததில் பலனில்லை. ‘ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்துங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/100, 1/50 இரண்டிலும் சென்சாரின் ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்பு கிடைத்துவிடும். 1/60-இல் லேசாக வரி தெரிந்தது, 1/250-இல் படு மோசம்.

எதிர்பாராதது: 1/50-இல் வரி போனாலும் அரம் ராவும் கை படத்தில் கலங்கலாக விழுந்தது. கேமராவின் ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஸ்தபதியின் கையை அல்ல. கடைசியில் 25 எம்எம் லென்ஸ், எஃப்/1.8 துளை, 1/100, ஐஎஸ்ஓ 1600. அரத்தின் பல்லில் ஒட்டிய பஞ்சலோகத் துகள்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.