பிரெஞ்சுப் புரட்சி இசையை வளர்த்ததா, அழித்ததா?

யாழ்விரும்பி:
1789க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பிரெஞ்சு இசைக்கு நேர்ந்தது இழப்பே என்பது என் நிலைப்பாடு. பேராலயங்களைச் சார்ந்திருந்த சிறுவர் பாடகர் பள்ளிகள் மூடப்பட்டன. 1725 முதல் பாரிஸில் நடந்துவந்த ‘கொன்செர் ஸ்பிரித்துயல்’ கச்சேரித் தொடர் 1790இல் நின்றுபோனது. எடெல்மான், லபோர்த் என்னும் இரு இசையமைப்பாளர்கள் 1794 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் கில்லட்டினுக்குப் பலியானார்கள்.

வரலாற்று மாணவன்:
ஐயா, எடெல்மானை இந்தக் கணக்கில் சேர்ப்பது முறையன்று. ஸ்திராஸ்பூர்க்கில் புரட்சி நிர்வாகத்திலேயே பொறுப்பு வகித்த அவர் அரசியல் பகையில் மாண்டாரே தவிர, இசைக்காக மாளவில்லை. மூடப்பட்டவற்றை அடுக்கும் தாங்கள் திறக்கப்பட்டவற்றையும் சொல்லியிருக்கலாம். யாரும் நாடக அரங்கு நடத்தலாம் என்று 1791 ஜனவரிச் சட்டம் அனுமதித்த பிறகு, ஃபெய்தோ அரங்கில் இசையமைப்பாளர் கெருபினியின் ‘லொதொய்ஸ்கா’ ஓபராவும் 1797இல் ‘மெதே’ ஓபராவும் அரங்கேறின. தேசியக் காவற்படைக்கு வாத்தியக் குழு திரட்டிய சரெட்டின் முயற்சியால் 1795 ஆகஸ்டில் பாரிஸ் கன்சர்வத்துவார் என்னும் இசைக் கல்லூரி சட்டப்படி உருவானது. 115 கலைஞர்களும், ஆண் பெண் இருபாலாரிலும் 600 மாணவர்களும் அதற்கு வகுக்கப்பட்ட அளவு.

1791 ஏப்ரலில் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதி ஊர்வலத்தில் ஒலித்த, இசையமைப்பாளர் கோசெக்கின் துயர அணிநடை இசையைக் கேட்டுப்பாருங்கள். ஊதுகருவிகள் ஒரு குமுறலை எழுப்பி அடங்குகின்றன; சற்று நேரம் ஒன்றுமே இல்லை; பிறகு பெரிய சேகண்டி ஒன்று அதிர்கிறது. திறந்த வெளியில், பெருங்கூட்டத்தின் நடுவே வயலின் எடுபடாது என்பதை அறிந்து எழுதப்பட்ட இசை அது. வெர்சாய் அரண்மனைக் கூடங்களுக்கு இப்படியொன்று தேவைப்பட்டே இராது.

கரையோரம்:
இசையமைப்பாளர் கிரேத்ரியை இருவரும் மறந்துவிட்டீர்கள். அவருடைய ‘ஓ ரிச்சர்ட், என் அரசே’ என்னும் பாட்டை 1789 அக்டோபர் 1 அன்று வெர்சாய் விருந்தில் பாடியதால் அது அரசபக்தர்களின் அடையாளமாகிவிட்டது. அதே மனிதர் 1791இல், கொடுங்கோன்மையை எதிர்த்த வீரனைப் பற்றிய ‘வில்லியம் டெல்’ ஓபராவை இயற்றினார். பிழைக்கத் தெரிந்தவர்.

யாழ்விரும்பி:
சேகண்டியின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதிய கோசெக் பயின்றது எங்கே? ஆன்ட்வெர்ப் பேராலயத்தில், பாடகச் சிறுவனாக. இசையமைப்பாளர் லெ சூயர் உருவானதும் பேராலயப் பள்ளியில்தான். கெருபினியோ புளோரன்ஸிலிருந்து தேர்ந்த கலைஞராகவே வந்து சேர்ந்தவர். பழைய ஆட்சி சேர்த்துவைத்த மூலதனத்தை எடுத்துப் புரட்சி தன் விழாக்களுக்குச் செலவழித்தது என்றே நான் கருதுகிறேன். ஊர்தோறும் இருந்த பள்ளிகளுக்கு ஈடாகத் தலைநகரில் ஒன்றைத் திறந்ததை எப்படி வளர்ச்சி என்பது? சிம்பொனிகள் பல படைத்த கோசெக் அந்த ஆண்டுகளில் விழாப் பாடல்களுக்குள் ஒடுங்கிப்போனதால் யாருக்கு ஆதாயம்?

வரலாற்று மாணவன்:
மாகாணங்கள் இழந்தது உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மூலதனம் கரைந்துபோயிருந்தால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வந்தது? இசையமைப்பாளர் எரோல்ட் அந்தக் கன்சர்வத்துவாரில் மேயூல் என்னும் இசையமைப்பாளரிடம் பயின்றவர். 1798இல் ஃபெய்தோவில் காவோ இசையமைத்து அரங்கேறிய ‘லெயோனோர்’ நாடகக் கதையைத்தான் பேத்தோவன் பின்னர் தம் ஒரே ஓபராவுக்கு எடுத்துக்கொண்டார். லெ சூயரின் மாணவரான இசையமைப்பாளர் பெர்லியோஸ், 1830 ஜூலைப் புரட்சியில் மாண்டவர்களுக்காக 1840இல் ஊதுகருவிகளை முதன்மையாகக் கொண்டு ஒரு சிம்பொனி எழுதி, பாரிஸ் தெருக்களில் ஊர்வலத்தோடு நடந்தபடியே அதை நடத்தினார். கோசெக்கின் ஊர்வல இசை இல்லாமல் அது சாத்தியமாகியிருக்கும் என்று தாங்கள் கருதினால், அதற்கான மூலத்தை எந்தப் பேராலயத்தில் தேடுவது என்று கூறுங்கள்.