கடைவாய்ப் பல் போய் ஆறு வருஷம்: இம்ப்ளான்ட் வைக்கலாமா, பிரிட்ஜ் போதுமா?

தையல்கடை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 58. ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழே வலது பக்கம் பெரிய கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அப்போது ஆவணி மாதம், முகூர்த்தத்துக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட் மலையாகக் குவிந்து கிடந்தது. "புண் ஆறியதும் வாங்க, பல் கட்டிவிடலாம்" என்றார் டாக்டர். புண் ஆறியது, வலி போனது, நானும் போகவில்லை. இடது பக்கமே மென்று பழகிவிட்டேன்.

இப்போது இடது பக்கம் கேப் போட்ட பல்லும் தகராறு செய்கிறது. தோசையைக்கூட முன்பல்லால் கொறித்து விழுங்குகிறேன். கண்ணாடியில் பார்த்தால், காலியாக இருக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள பல் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நேர் மேலே இருக்கிற பல்லும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு இடத்தில் தையல் விட்டால் சுற்றியுள்ள துணியெல்லாம் இழுத்துக்கொண்டு வருமே, அதே மாதிரிதான்.

இரண்டு இடத்தில் காட்டினேன். முதல் டாக்டர் பிரிட்ஜ் போடலாம், 15,000 ரூபாய் என்றார். முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டு பல்லைச் சுற்றிலும் ராவிச் சின்னதாக்கி, மூன்று பல்லாகச் சேர்த்து ஒட்டிவிடுவார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. கிழியாத துணியை வெட்டி ஒட்டுப் போடுவதா? இரண்டாவது இடத்தில், தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் பல் கட்டுகிற இம்ப்ளான்ட்தான் நல்லது என்றார்கள். கொரியா திருகு என்றால் அதன் மேல் வைக்கிற பல்லோடு சேர்த்து 38,000, சுவிஸ் என்றால் 60,000. இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் 5,000 குறைப்பார்களாம்.

கொரியா போதுமா, சுவிஸ்தான் வேண்டுமா? வலி எப்படி இருக்கும்? எத்தனை வருஷம் உழைக்கும்? எனக்கு 12 வருஷமாகச் சர்க்கரை, போன தடவை மூன்று மாத சராசரி 8.6 இருந்தது. பிரஷர் மாத்திரை ஒன்று. அப்புறம் கால்சியம், எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர், திருச்சி:

அம்மா, நான் இரண்டு வைத்திருக்கிறேன். சரியாகச் சொன்னால் மூன்று வைத்து இரண்டு மிச்சம்.

வலியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பல் பிடுங்கியதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். சத்தம்தான் ஒரு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போட்டால் கேட்குமே, அது நம் மண்டைக்கு உள்ளேயிருந்து கேட்கும். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு நாள் வீக்கம், ஒரு வாரம் ரசம் சாதமும் இட்லியும். அன்றைக்கே பல் வந்துவிடும் என்று நினைத்துப் போனேன். ஆனால் அன்றைக்கு வைப்பது எலும்புக்குள் திருகு மட்டும்தான். கீழ்த்தாடை என்றால் மூன்று மாதம் போல, மேல்தாடை என்றால் இன்னும் கூடுதலாக, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அதற்கப்புறம்தான் அளவெடுத்து மேலே பல்.

என் முதல் திருகு, அந்த மூன்றாம் மாதம் அளவெடுக்கப் போன அன்று கழன்று வந்தது. மேல் மூடியைத் திருப்பினார், திருகும் கூடவே சுற்றியது. எனக்கு வலியே இல்லை, டாக்டர் முகம்தான் மாறியது. "சிகரெட் உண்டா?" என்றார். மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டேன் என்பதை அதுவரை வீட்டிலும் சொல்லவில்லை. தப்பு என் மேல்தான். ஆனாலும் திரும்ப வைக்க மறுபடி பாதிப் பணம் கேட்டார்கள், அதை முதலில் யாரும் சொல்லவில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால், எலும்பு பிடிக்காமல் போனால் யார் செலவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதத்துக்குள் கட்டினால் தள்ளுபடி என்பதற்கெல்லாம் அவசரப்படாதீர்கள். ஆறு வருஷம் பொறுத்த வாய் இன்னும் ஆறு வாரம் பொறுக்கும்.

எடுத்துமாட்டி:

நான் 1,800 ரூபாய்க்குக் கழற்றி மாட்டுகிற பல்தான் வைத்திருக்கிறேன், ஏழு வருஷமாக. முதல் மாதம் வாயில் கூழாங்கல் கிடப்பது போல இருந்தது, இப்போது பழகிவிட்டது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் வாழையிலையில் மடித்து வைத்து மறந்துபோய், இலை எடுக்கிறவர் பின்னால் ஓடியிருக்கிறேன். அது ஒன்றுதான் குறை.

செலவு இடித்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. உங்கள் ஊருக்குச் சிதம்பரம் பக்கம், ராஜா முத்தையா பெயரில் இருந்த கல்லூரி இப்போது அரசுடையதுதான். நேரம் நிறைய எடுக்கும், ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டியிருக்கும்.

லேப் ஆள், மதுரை:

அக்கா, நான் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்புகிற அளவை வைத்துப் பல் செய்கிற லேபில் 19 வருஷமாக வேலை. தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

கொரியாவா சுவிஸா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சுவிஸ் கம்பெனி ஸ்ட்ராமன் என்றாலும் கொரியா கம்பெனி ஆஸ்டெம் என்றாலும் பொருள் டைட்டானியம்தான். என் கவலை வேறு. பத்து வருஷம் கழித்து உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால், அதற்குப் பொருந்துகிற பாகம் கிடைக்குமா? பெயர் தெரியாத திருகை வைத்துக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பார்த்து "இது எந்த கம்பெனி?" என்று எங்கள் லேபில் குழு கூடி யோசித்த நாட்கள் உண்டு. எது வைத்தாலும் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டுங்கள். கம்பெனி, தடிமன், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும்.

இந்த டைட்டானியம் விஷயமே யாரும் திட்டமிட்டுத் தேடியது இல்லை. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1952 வாக்கில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து, எலும்பு எப்படி ஆறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும் வரை, 40 வருஷத்துக்கு மேல் அந்தப் பற்களோடு இருந்தார். எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொன்னேன். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று இல்லை.

உங்கள் வாயில் நான் கவலைப்படுவது மேலே இறங்கி வந்த பல்லைப் பற்றி. கீழே திருகு வைத்துவிட்டு அளவு அனுப்புவார்கள், பார்த்தால் பல் செய்ய உயரமே இருக்காது. ஜிப் வைக்க இடம் விடாமல் தைத்த பாவாடை மாதிரி. மேல்பல்லைக் கொஞ்சம் ராவ வேண்டுமா, கேப் போட வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். அந்தச் செலவு 38,000-க்குள் வராது.

இன்னொன்று. நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார் இருக்கிறது, கடித்தால் ஒரு மயிரிழை அமுங்கிக்கொடுக்கும். இம்ப்ளான்டுக்கு அந்த நார் இல்லை, நேரடியாக எலும்பில் நிற்கிறது. அதனால் கடி கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் முழு பாரமும் அதன் மேல் விழும். பல் வைத்த அன்று "பழகிவிடும்" என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். கடி படுகிற இடத்தைக் காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்துச் சரிசெய்யட்டும். முடிந்தால் சிமென்ட் வைத்து ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற மாதிரிப் பல் கேளுங்கள். ஈறுக்குள் சிமென்ட் துணுக்கு தங்கினால் அங்கே சீழ் பிடிக்கும், எலும்பு கரையும். பிறகு கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் ஸ்க்ரூதான் வசதி.

பிரிட்ஜையும் அடியோடு ஒதுக்காதீர்கள். நாங்கள் செய்து கொடுத்த பிரிட்ஜ்கள் 15 வருஷம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வார்டு நம்பர் 6:

அம்மா, ஒரு கேள்வி. எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று சொன்ன மாத்திரையா? எத்தனை வருஷமாக? பல் டாக்டர்கள் இரண்டு பேரிடமும் சொன்னீர்களா?

தையல்கடை அம்மா:

ஆமாம்மா, அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுவிட்டுத் தினமலரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அட்டையைப் பார்த்தேன், அலென்ட்ரோனேட் 70 என்று போட்டிருக்கிறது. மணிக்கட்டு உடைந்தபோது எழுதிக் கொடுத்தது, ஐந்து வருஷம் இருக்கும். பல் டாக்டர்கள் சர்க்கரை, பிரஷர், இதயம் என்று கேட்டார்கள், சொன்னேன். எலும்பு மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன என்று இதைச் சொல்லவில்லை.

வார்டு நம்பர் 6:

சம்பந்தம் இருக்கிறது. நான் 30 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். எலும்பு கரைவதைத் தடுக்கிற மருந்து அது. எலும்பு தன்னைத்தானே கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்து மெதுவாக்கிவிடுகிறது. தாடையில் துளை போட்டாலோ பல் பிடுங்கினாலோ, சிலருக்கு அந்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை ஊசியாகப் போடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மாத்திரையில் அபூர்வம். ஆனால் நாலைந்து வருஷம் தாண்டியவர்கள் என்றால், சர்க்கரையும் கூட இருந்தால், டாக்டர் யோசித்துத்தான் கை வைப்பார்.

பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இடுப்பு எலும்பு உடைந்தால் அது பல்லைவிடப் பெரிய கதை. எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் ஒருவருக்கொருவர் பேசட்டும். 8.6 சர்க்கரையோடு புண் ஆறுவதும் மெதுவாகத்தான் இருக்கும், அதையும் முதலில் இறக்குங்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர், திருச்சி:

இது எனக்கும் தெரியாது. என் மனைவி இதே மாத்திரை சாப்பிடுகிறாள், அடுத்த வாரம் பல் பிடுங்க நாள் குறித்திருந்தோம். நல்லவேளை.

தையல்கடை அம்மா (மூன்று மாதம் கழித்து):

பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும். நடுவில் பொங்கல் சீசன்.

சர்க்கரை 7.3-க்கு வந்திருக்கிறது. ராத்திரி சாதத்தை விட்டுவிட்டு, கடை மூடியதும் மகாமகக் குளத்தை மூன்று சுற்று நடக்கிறேன். எலும்பு டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷம் ஆகிவிட்டதால் மாத்திரைக்கு இப்போதைக்கு இடைவெளி விடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் மூன்றாவதாக ஒரு பல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தாடையைச் சுற்றி எடுக்கிற படம் எடுத்தார்கள். எலும்பு போதுமான அளவு இருக்கிறது, நரம்பும் தள்ளித்தான் ஓடுகிறது, இம்ப்ளான்ட் வைக்க முடியும், ஆனால் மாத்திரை சாப்பிட்டவர் என்பதால் அந்தச் சின்ன ஆபத்தைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அப்புறம் படத்தில் ஒன்றைக் காட்டினார். காலி இடத்துக்கு முன்னால் இருக்கிற பல், நான் கிழியாத துணி என்று சொன்னேனே, அதில் பழைய வெள்ளி அடைப்புக்கு அடியில் சொத்தை பரவிக் கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு எப்படியும் கேப் போட்டே ஆக வேண்டும். முதலில் பார்த்த டாக்டர் பிரிட்ஜ் சொன்னதன் காரணம் அதுவாகவும் இருக்கலாம், அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் பிரிட்ஜே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மேலே இறங்கி வந்த பல்லைக் கொஞ்சம் ராவினார்கள். லேப் தம்பி சொன்னபடி நீலத்தாள் கேட்டேன், டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நாலு தடவை கடிக்க வைத்தார். அடியில் உணவு தங்காமல் இருக்க விரல் நீளத்துக்குச் சின்ன பிரஷ் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இடது பக்கப் பல்லுக்கு மறுபடி வேர் சிகிச்சை நடக்கிறது, அது தனிச் செலவு.

போன வாரம் வலது பக்கம் வைத்துத் தேங்காய்ச் சில்லு ஒன்று மென்றேன்.

முதல் நாள் வாயைத் திறந்ததுமே அந்த டாக்டரம்மா, "தையல் வேலையா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். கையில் கண்ணாடியைக் கொடுத்து மேல் முன்பல்லைக் காட்டினார். ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு பள்ளம். 35 வருஷமாக நூலைக் கடித்து அறுத்த இடம், நூல் அதில் கச்சிதமாக உட்காருகிறது. இப்போது நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். அவசரத்தில் இன்னமும் வாய்தான் முந்துகிறது.