இங்கிலீஷ் வீட்டுப்பாடம்: உங்கள் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

குலசேகரத்திலிருந்து:

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுவேன், ஷீட் அடித்துக் காயப்போட்டு வீடு திரும்ப மதியம் ஆகும். சாயங்காலம் மகனோடு உட்காரலாம் என்றால் எனக்கு இங்கிலீஷ் பத்தாம் வகுப்போடு சரி. மகன் எட்டாவது, தமிழ் மீடியம்.

ஒரு நாள் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதான். கோடிட்ட இடத்தில் 'எ' அல்லது 'ஆன்' எழுத வேண்டும். உயிரெழுத்து வந்தால் 'ஆன்' என்று மனப்பாடம் செய்தவன், 'ஆன் யூனிவர்சிட்டி' என்றும் 'எ ஹவர்' என்றும் எழுதியிருக்கிறான். இரண்டுக்கும் சிவப்பு மை. "சொன்ன மாதிரிதானே அப்பா எழுதினேன்" என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் தமிழ் டீச்சர், இங்கிலீஷைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டுவதா என்று தயக்கம். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை.

"மக்களே, ஒரு ஊரா, ஓர் ஊரா?"

"ஓர் ஊர்."

"ஒரு வீடா, ஓர் வீடா?"

"ஒரு வீடு. உயிரெழுத்து வந்தா ஓர், இல்லேன்னா ஒரு."

"அப்ப ஒனக்குப் பாடம் தெரியுமே. இங்கிலீஷ்ல எழுத்தப் பாக்காத, வாயில வாற சத்தத்தப் பாரு. யானைக்கு ஒருவா ஓரா?"

"ஒரு யானை."

"யூனிவர்சிட்டியும் அந்த யானை மாதிரி 'ய்'லதான் தொடங்குது. 'ஹவர்'ல எச் எழுத்துல கிடக்கு, வாயில இல்ல. 'அவர்'னுதான் சொல்லுதோம். அப்ப?"

"ஆன் அவர்!"

ஆறாம் வகுப்பிலிருந்து அவன் பயந்துகொண்டிருந்த விஷயம் அது. பத்து நிமிஷம் ஆகவில்லை. அப்புறம் 'பாசிவ் வாய்ஸ்' என்ற பூதத்தையும் அவரே செய்வினை, செயப்பாட்டுவினை என்று சொல்லி இறக்கிவைத்தார். 'மரம் அப்பாவால் வெட்டப்பட்டது' என்று தமிழில் யாரும் பேசமாட்டோம், 'அப்பா வெட்டினார்' என்போம், இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த 'பட்டது' மேல் கொஞ்சம் பிரியம் அதிகம் என்றார். உங்கள் பக்கம் இப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தக்கலையிலிருந்து:

எங்கள் வீட்டில் இலக்கணம் அல்ல, பத்தியை வாசித்து விடை எழுதுகிற 'காம்ப்ரிஹென்ஷன்'தான் தொல்லை. மகள் பத்தாவது. கேள்வியைப் போனில் படம் எடுத்தால் விடை வந்து விழும், அதை அழகாக எழுதிக்கொண்டு போவாள். வீட்டுப்பாடத்தில் எல்லாம் 'குட்'. பரீட்சையில் அதே பகுதிக்குப் பத்துக்கு மூன்று. போனைப் பிடுங்கி வைத்தால் மட்டும் படிப்பு வந்துவிடுமா? வரவில்லை. அழுகைதான் வந்தது.

இவளுக்க அப்பா சவுதியில் இருக்கிறார். போகும்போது அவருக்கும் இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரர்களோடு பேசிப் பேசித் தேறியவர். ராத்திரி வீடியோ காலில் பத்தியை வாசிக்கச் சொன்னார். தெருவில் கிடந்த பர்ஸை ஒரு கிழவர் எடுத்து உரிய பெண்ணிடம் கொடுக்கிற கதை. ஏன் திருப்பிக் கொடுத்தார் என்பது கேள்வி. கேள்வியில் 'ரிட்டர்ன்' இருக்கிறது, கதையிலும் ஒரு வரியில் 'ரிட்டர்ன்ட்' இருக்கிறது. இவள் அந்த வரியை அப்படியே இறக்கி வைத்துவிட்டாள்: 'அவர் பர்ஸை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்.' ஏன் என்பதற்கு அது எப்படி விடையாகும்?

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "புக்க மூடு மக்களே. கதைய நம்ம பேச்சுல சொல்லு" என்றார். சொல்லிக்கொண்டே வந்தவள், கிழவர் சின்ன வயதில் ஒருமுறை கூலிப் பணத்தைத் தொலைத்துவிட்டுப் பட்டினி கிடந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். "அதுனாலயா?" என்று கேட்டாள். அந்த வரி விடை எழுதிய வரிக்கு நாலு வரி மேலே இருந்தது. அதில் 'பிகாஸ்' என்ற சொல்லே கிடையாது.

"ஏன்னு கேட்டா அந்தச் சொல்லு எங்க கிடக்குன்னு தேடாத, அவருக்க மனசு எங்க கிடக்குன்னு தேடு" என்றார் இவர். அதற்குள் நெட் போய்விட்டது. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பத்தி வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு தமிழில் கதை சொல்ல வேண்டும். போனை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விடை எழுதிய பிறகு சரிபார்க்க மட்டும் என்று ஒப்பந்தம். ஒப்பந்தம் எப்போதும் காப்பாற்றப்படுகிறது என்று சொல்லமாட்டேன்.

குளச்சலிலிருந்து:

வாக்கியத்தின் கடைசியில் 'இல்லியா' என்று கேட்கிற 'கொஸ்டின் டேக்' பற்றி யாரும் சொல்லவில்லையே. என் தம்பி எல்லாவற்றுக்கும் 'இஸ்ன்ட் இட்' போடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. நமக்கு ஆள் யாராக இருந்தாலும், நடந்தது எப்போதானாலும் ஒரே 'இல்லியா' போதும். அவர்களுக்கு 'டஸ்ன்ட் ஷி', 'டிட்ன்ட் தே' என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. 'ஐ ஆம்' வந்தால் 'ஆரன்ட் ஐ'யாம்! அதற்கு மட்டும் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021-ல் தொடங்கியபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் வருவார்கள். புதுச் சொல் என்றாலே முகம் சுருங்கும். ஒரு நாள் பாடத்தில் 'ஜாக்ஃப்ரூட்' வந்தது. "இது நம்ம சக்கைதான், பேரும் நம்மகிட்ட இருந்து போனதுதான்" என்றேன். யாரும் நம்பவில்லை. மலையாளச் சக்கையைப் போர்ச்சுகீசியர்கள் ஜாக்கா ஆக்கி, அது இங்கிலீஷில் ஜாக் ஆன கதையைச் சொன்னேன். தேக்கும் கொப்பரையும் இதே வழியாகத்தான் 'டீக்', 'காப்ரா' ஆகின. கட்டுமரம்தான் 'கேட்டமரான்'. கயிறு, மலையாளத்தில் கயர், அதுதான் 'கொயர்'. பலகையில் எழுத எழுத ஒரு சின்னவள் எழுந்து, "அப்ப வாங்கினத அவங்க திருப்பித் தருவாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

இதில் ஒரு விபரீதமும் நடந்தது. மறுநாள் ஒருவன் தன் அக்கா கோவிலில் பாடகர் குழுவில் பாடுகிறாள் என்று எழுதி வந்தான். 'குவயர்' என்று வர வேண்டிய இடத்தில், முந்தின நாள் படித்த தேங்காய் நார் கொயரின் எழுத்துகள். "ஒனக்க அக்கா கயித்துலயாடே பாடுகா?" என்று மற்றவர்கள் அவனை ஒரு வாரம் விடவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லையும் அதற்குப் பிறகு யாரும் தப்பாக எழுதியதில்லை.

குலசேகரத்திலிருந்து, மீண்டும்:

எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவன் பார்க்கிற போஸ்டருக்கெல்லாம் எ, ஆன் போட்டுக்கொண்டு திரிகிறான். 'எ மினிஸ்டர்', ஆனால் 'ஆன் எம்.எல்.ஏ'. நேற்று டீச்சரிடம் போய், ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கு 'ஆன்' வருமா என்று கேட்டிருக்கிறான்.

"நீங்க ஒட்டுப்பால எண்ணி விக்கியளா, நிறுத்து விக்கியளா?" என்றாராம் டீச்சர்.

"நிறுத்துத்தான்."

"அப்ப ரெண்டும் போடண்டாம்."