பனியன் கம்பெனிக்கு மேனேஜ்டு சுவிட்ச் தேவையா, தண்டச் செலவா?

கொங்குநூல்:
திருப்பூரில் யூனிட். கீழே கட்டிங், மேலே தையல், பின்னால் ஆபீஸ். கணக்கு சர்வர், விரல் ரேகை வருகைப் பதிவு, 24 கேமரா, வை-ஃபை எல்லாம் சாதா சுவிட்சில்தான் (கேபிள்களை இணைக்கும் பெட்டி, செருகினால் ஓடும், உள்ளே மாற்ற எதுவும் இல்லை) ஓடுகிறது. தேவைப்பட்டபோதெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டோம். இப்போது பில் போடும்போது சர்வர் திக்குகிறது. உள்ளே லாகின் பண்ணி போர்ட் போர்ட்டாக அமைப்பை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் போடச் சொல்லி கொட்டேஷன் வந்திருக்கிறது, விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. போடலாமா?

எட்டுபோர்ட்:
வேண்டாம் அண்ணே. உங்கள் சுவிட்ச் 100 எம்பிபிஎஸ்ஸா (நொடிக்கு 100 மெகாபிட்), அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டா என்று முதலில் பாருங்கள். 1080பி கேமரா ஒன்றுக்கு சுமார் 4 எம்பிபிஎஸ் வைத்தாலே 24-க்கு 96. நூறு எம்பிபிஎஸ் லைன் அங்கேயே நிரம்பிவிடும், பில் எந்த வழியாகப் போகும்? கிகாபிட் சாதா சுவிட்ச் மாட்டினால் தீர்ந்தது. கொட்டேஷனில் விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) போட்டால் வேகம் கூடும் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அது பிரித்து வைக்கும், லைனை அகலமாக்காது.

ரேக்மேன்:
நெரிசல் கணக்கு சரிதான். ஆனால் மொத்தமாக நின்றுபோனால்? தையல் தளத்தில் தொங்கும் கேபிளைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று யாராவது மறுமுனை இருக்கும் அதே சுவிட்சில் இன்னொரு போர்ட்டில் செருகினால் போதும், வளையம் (லூப்) ஆகிவிடும். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஆயுள் உண்டு, சுவிட்ச் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடியில் எல்லாம் படுத்துவிடும். இதற்காகத்தான் நெட்வொர்க் இன்ஜினியர் ரேடியா பெர்ல்மன் 1985-லேயே ஸ்பானிங் ட்ரீயை வடிவமைத்தார். மேனேஜ்டில் அது இருக்கிறது. வளையத்தை அடைத்துவிடும், எந்த போர்ட் என்று லாகிலும் (சுவிட்ச் எழுதிவைக்கும் பதிவு) பார்க்கலாம். சாதாவில் ஷிப்மென்ட் நாளன்று கேபிள் கேபிளாகப் பிடுங்க வேண்டியதுதான்.

எட்டுபோர்ட்:
சாதாவிலேயே லூப் தடுப்பு வருகிறதே.

ரேக்மேன்:
சில மாடலில் வருகிறது. சரி, சூப்பர்வைசர் போனுக்கு சிக்னல் இல்லை என்று வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினால்? அதுவும் ஐபி முகவரி விநியோகிக்க ஆரம்பிக்கும், பாதி கம்ப்யூட்டர் தவறான கேட்வேக்கு, அதாவது வெளியே போகும் தவறான வழிக்கு, போகும். அனுமதிக்காத போர்ட்டிலிருந்து ஐபி விநியோகித்தால் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இல்லாமல் இதை எப்படித் தடுப்பீர்கள்? பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் கொடுக்கும் வசதி) உள்ளதாக வாங்கினால், ராத்திரி கேமரா தொங்கிப்போனாலும் ஏணி தேட வேண்டாம். வீட்டிலிருந்தே அந்த போர்ட்டின் கரன்ட்டை நிறுத்திப் போடலாம்.

எட்டுபோர்ட்:
போடலாம், போடத் தெரிந்த ஆள் இருந்தால். 2018 ஏப்ரலில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சிஸ்கோ சுவிட்சுகளில், தூரத்திலிருந்தே சுவிட்சை அமைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியை இணையத்துக்குத் திறந்தே விட்டவர்கள் மாட்டினார்கள். ஈரானில் ஆயிரக்கணக்கான சுவிட்சுகளின் கான்ஃபிக் (அமைப்பு விவரம்) அழிந்தது. சாதா சுவிட்சில் லாகின் பண்ண வாசலே கிடையாது. ஐடி ஆள் இல்லாத கம்பெனியில் மேனேஜ்டு சுவிட்ச் அட்மின்/அட்மின் என்ற பாஸ்வேர்டோடுதான் கடைசிவரை இருக்கும்.

கணக்குஅக்கா:
தம்பிகளா, பையர் வந்தால் வை-ஃபை பாஸ்வேர்ட் கொடுக்கிறோம். அதே நெட்வொர்க்கில்தான் சம்பளப் பட்டியல் ஷேர் ஃபோல்டரில் கிடக்கிறது. அதற்கு என்ன வழி?

ரேக்மேன்:
அக்கா, அதற்குத்தான் விஎல்ஏஎன். கெஸ்ட் வை-ஃபை தனி, கேமரா தனி, ஆபீஸ் தனி. நடுவில் யார் யாரோடு பேசலாம் என்ற விதியை ரவுட்டரிலோ ஃபயர்வாலிலோ எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் பிரித்தும் பலனில்லை.

எட்டுபோர்ட்:
அக்கா கேட்டது நியாயம், இதற்கு என்னிடம் மலிவான பதில் இல்லை. ஆனால் எல்லாத் தளத்துக்கும் எதற்கு? சர்வரும் ரவுட்டரும் சேரும் இடத்தில் ஒன்று மட்டும் மேனேஜ்டு. வை-ஃபை பெட்டிகளும் நேராக அதற்கே வரட்டும்.

ரேக்மேன்:
தையல் தளத்தில் லூப் அடித்தால் அந்தத் தளம் படுக்கும்.

எட்டுபோர்ட்:
படுக்கட்டும், ஆபீஸ் ஓடுமே.

கொங்குநூல்:
அப்படியென்றால் ஆபீசுக்கு ஒன்று, மற்றதெல்லாம் கிகாபிட் சாதா. அட்மின் பாஸ்வேர்டும் கான்ஃபிக் பேக்கப்பும் என் கையில் கொடுத்த பிறகுதான் பாக்கிப் பணம் என்று சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கும் புதிது வாங்கணுமா?

எட்டுபோர்ட்:
கேமராக்களுக்குத் தனி சாதா பிஓஇ சுவிட்ச், கேமரா வீடியோவைப் பதிவு செய்யும் என்விஆரையும் அதிலேயே மாட்டுங்கள். ரெக்கார்டிங் அங்கேயே முடிந்துவிடும், ஆபீஸ் லைனுக்கு வராது. பிஓஇ சுவிட்சின் மொத்த வாட் கேமரா அத்தனைக்கும் போதுமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.